எழுவாய் இல்லாத அட்டவணை

"இந்த வாரம் வாழ்க்கை குறுக்கே வந்துவிட்டது." மாரத்தானுக்குப் பயிற்சி செய்வோர், குறித்த நாளில் ஓடாமற்போனதற்கு விளக்கமாகச் சொல்லும் வாக்கியம் இது. "நேரம் தானாகக் கிடைக்காது, நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்" என்பது பயிற்றுநரும் குழுவினரும் அதற்கு வழக்கமாகத் தரும் மறுமொழி. முன்னது மன்னிப்புக் கோருகிறது, பின்னது கண்டிக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: பயிற்சி நேராகச் செல்லும் சாலை, அன்றாட வாழ்க்கை அச்சாலையில் குறுக்கே நுழைந்துவிட்ட மாடு.

இவ்வெண்ணம் பிழையானது. தண்ணீர் பிடிப்பதும், சமைப்பதும், ரயிலில் நின்றபடி வேலைக்குச் செல்வதும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் அருகே விழித்திருப்பதும் பயிற்சிக்கு முன்பே இருந்தவை. பின்னால் வந்தது அட்டவணை. குறுக்கே வந்தது எது என்று கேட்டால் அட்டவணை என்பதே நேர்மையான விடை. அந்த அட்டவணை யாருடைய நாளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்று வினவாமல், அதை நிறைவேற்ற இயலாதவரின் குணத்தைக் குறைகூறுவது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

பயிற்சி அட்டவணையை ஒரு பனுவலாகக் கொண்டு வாசித்துப் பார்க்கலாம். பரவலாகப் புழங்கும் 18 வார மாரத்தான் திட்டங்களில் "செவ்வாய்: 10 கி.மீ. நிதான ஓட்டம். வியாழன்: வேக ஓட்டம். சனி: ஓய்வு. ஞாயிறு: 24 கி.மீ." என்ற பாணியில் வரிகள் இருக்கும். இவ்வரிகளில் எழுவாய் இல்லை. எழுவாய் தோன்றாமல் நிற்பது தமிழுக்குப் புதிதன்று. "நாளை வருகிறேன்" என்பதில் வினைமுற்றின் விகுதியே வருபவரைக் காட்டிவிடும். அட்டவணையிலோ வினைமுற்றும் இல்லை; ஆதலால் ஆளைக் காட்ட விகுதியும் இல்லை. ஓடுபவர் ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா, தனித்திருப்பவரா குடும்பத்தோடு இருப்பவரா என எதுவும் தெரியாது. அந்த வெற்றிடத்தில் எவரையும் வைத்துக்கொள்ளலாம் போலத் தோன்றும்.

உண்மையில் அங்கே ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருக்கிறார். காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை அவர் வசத்தில் உள்ளது. ஓடிவிட்டு வந்ததும் குளிக்கத் தண்ணீரும் உண்ண உணவும் வேறொருவர் உழைப்பால் அவருக்கு ஆயத்தமாக உள்ளன. ஞாயிற்றுக்கிழமை 24 கிலோமீட்டர் ஓடியபின் பகல் முழுதும் படுத்திருக்க அவருக்கு உரிமை உண்டு. சனிக்கிழமைக்கு நேரே எழுதப்பட்ட "ஓய்வு" என்ற சொல்லே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஓடாதிருப்பதையே ஓய்வு என்று பெயரிட, ஓட்டத்தைத் தவிர வேறு உழைப்பு இல்லாத உடல் ஒன்று வேண்டும். தலையில் குடத்தோடு மூன்று மாடி ஏறும் உடலுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாளன்று.

ஒரு குறிப்பிட்ட ஊரில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். மும்பையின் மத்திய ரயில்பாதையில், சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 58 கிலோமீட்டர் தொலைவில், கல்யாணுக்கும் அம்பர்நாத்துக்கும் இடையே உள்ளது உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் கல்யாண் படைமுகாமில், பிரிவினைக்குப்பின் சிந்துவிலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு லட்சம் ஏதிலியர் குடியமர்த்தப்பட்டனர். 1949 ஆகஸ்ட் 8 அன்று அடிக்கல் நாட்டி அவ்வூருக்கு இப்பெயர் சூட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜகோபாலாச்சாரியார். ஊரின் பகுதிகள் இன்றும் "கேம்ப்" எண்களாலேயே அறியப்படுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டரில் 5,06,098 பேர். ஜீன்ஸ் தைப்பதும் அறைகலன் செய்வதும் இவ்வூரின் பெயர்பெற்ற தொழில்கள். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தையற்காரருக்கு ஓடும் ஒரு மணி நேரம் என்பது தைக்காமல் விட்ட இத்தனை கால்சட்டை.

இவ்வூரிலிருந்து நாள்தோறும் மாட்டுங்காவுக்கு வேலைக்குச் செல்லும் ஒரு தமிழ்ப்பெண்ணை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவழிப் பயணம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர், மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைக் காட்டிலும் மிகுதி. வண்டி மாறி இறங்க ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. மும்பை மின்ரயில்களின் நெரிசலை அளக்க ரயில்வேயே "சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்" என்றொரு சொல்லை உருவாக்கிக்கொள்ள நேர்ந்தது. ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதைக் குறிக்கும் சொல் அது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து, பாத்திரங்களை நிரப்பி, சமைத்து, டப்பா கட்டி, அந்நெரிசலில் நின்று, எட்டு மணி நேரம் உழைத்து, அதே நெரிசலில் திரும்பி, மீண்டும் சமைத்துப் படுக்கும்போது இரவு பதினொன்று. மறுநாள் எழுவது நான்கரைக்கு. இவருடைய செவ்வாய்க்கிழமைக்கு நேரே "10 கி.மீ." என்று எழுதியவர், அந்த எழுபது நிமிடங்களை எதிலிருந்து வெட்டி எடுக்கச் சொல்கிறார்? அட்டவணை அதைச் சொல்வதில்லை. எஞ்சியிருப்பது உறக்கம் மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு உரியது என்பது உலகெங்கும் ஓட்டக்காரர் ஒப்புக்கொண்ட வழக்கம். அதே ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்கவும், ரேஷன் வாங்கவும், உறவினர் வீட்டு நல்லது கெட்டதுக்குச் செல்லவும் மிஞ்சியிருக்கும் ஒரே நாள். பாதைப் பராமரிப்புக்காக மத்திய ரயில்வே "மெகா பிளாக்" அறிவிப்பதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே. ஓடத் தகுந்த நடைபாதையோ கடற்கரையோ தேடிச் செல்ல நினைப்பவர், திரும்பிவர வண்டி உண்டா என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

நாட்காட்டியும் இதையே சொல்கிறது. 2004 முதல் நடந்துவரும் மும்பை மாரத்தான் ஜனவரியின் மூன்றாம் ஞாயிறன்று நடைபெறுவது வழக்கம். அதிலிருந்து 18 வாரங்கள் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் நடுப்பகுதி வரும். மும்பையிலிருந்து தென்மேற்குப் பருவமழை விலகுவதற்கு வானிலைத் துறை குறித்துள்ள சராசரி நாள் அக்டோபர் 8. ஆகப் பயிற்சியின் முதல் மூன்று வாரங்கள் மழையிலும், தேங்கிய நீரிலும், தாமதமான ரயில்களிலும் கழியும். பின்னர் நவராத்திரி, தீபாவளி. மூன்றாம் ஞாயிறு ஜனவரி 15க்கும் 21க்கும் இடையேதான் விழ முடியும். எனவே பொங்கல் எப்போதும் போட்டிக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள், சில ஆண்டுகளில் போட்டி நாளன்றே வந்து நிற்கும். பயிற்சி நூல்களின்படி அது உடலைத் தளர்த்தி ஆற்றலைச் சேமிக்க வேண்டிய வாரம். தாராவியில் தமிழ்ப்பெண்கள் தெருவில் அடுப்பு வைத்துப் பானையேற்றும் வாரமும் அதுவே. வீட்டைக் கழுவி, விருந்தினரைக் கவனித்து, புகையில் நின்று பொங்கலிடும் பெண்ணிடம் "இந்த வாரம் காலுக்கு வேலை கொடுக்காதீர்கள்" என்று சொல்லும் அட்டவணை, அவரைப் பற்றி எதுவும் அறியாத அட்டவணை.

போட்டி நாளும் விலக்கன்று. முழு மாரத்தான் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் ஓட்டக்காரருக்காக மத்திய ரயில்வே கல்யாணிலிருந்து சிறப்பு மின்ரயில் விட்டிருக்கிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் உல்லாஸ்நகர் கல்யாணுக்கு அப்பால் இரண்டாவது நிலையம். சிறப்பு வண்டி கிளம்பும் இடத்துக்கு நள்ளிரவு கழிந்தபின் தனியாக வந்து சேர்வது அவரவர் பொறுப்பு.

இச்சூழலில் ஓட முடியாதவர் தம் நிலையை எப்படிச் சொல்கிறார் என்பதும், அது எப்படித் திரிக்கப்படுகிறது என்பதும் மொழியியல் நோக்கில் கவனிக்கத்தக்கவை. "எனக்கு நேரம் கிடைக்கவில்லை" என்பது தமிழின் இயல்பான வாக்கியம். இங்கே மனிதர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். "நேரம்" எழுவாயாக இருக்கிறது. பசி, காய்ச்சல், தூக்கம், நினைவு போன்று ஒருவருக்கு நேர்பவற்றைத் தமிழ் இவ்வமைப்பில்தான் சொல்லும்: எனக்குப் பசிக்கிறது, எனக்குக் காய்ச்சல், எனக்குத் தூக்கம் வருகிறது. நேரத்தையும் இவ்வரிசையில் வைத்த மொழி, நேரம் என்பது தனிமனிதர் உற்பத்தி செய்யும் பொருளன்று, அவருக்கு வந்து சேர்வது அல்லது சேராதது என்ற அனுபவத்தைப் பதிவுசெய்திருக்கிறது. "நீங்கள் நேரம் ஒதுக்கவில்லை" என்று பயிற்றுநர் மறுமொழி தரும்போது, நான்காம் வேற்றுமையில் இருந்தவர் எழுவாயாக மாற்றப்படுகிறார். நேர்ந்தது செய்ததாகிறது. அவ்வாறே "ஓட முடியவில்லை" என்று அவர் எழுதியதும், குழுவின் பட்டியலில் "ஓடவில்லை" என்றே ஏறுகிறது. "முடி" என்ற துணைவினை உதிர்ந்த அந்த இடத்தில்தான் அவருடைய தண்ணீர்க் குழாயும் ரயிலும் பிள்ளையின் காய்ச்சலும் உதிர்ந்துபோகின்றன.

மற்றொரு சொல் "ஒழுக்கம்". ஆங்கிலத்தின் "டிசிப்ளின்" தமிழ் ஓட்டக்காரர் பேச்சில் சிலவேளை "ஒழுங்கு" என்றும், சிலவேளை "ஒழுக்கம்" என்றும் பெயர்க்கப்படுகிறது. இரண்டும் "ஒழுகு" என்னும் வினையின் வழிவந்தவை. ஆயினும் இன்றைய வழக்கில் ஒழுங்கற்றவர் வேறு, ஒழுக்கமற்றவர் வேறு; பின்னது ஒருவரின் நடத்தையையே பழிப்பது. செவ்வாய்க்கிழமை ஓடாதது கால ஒழுங்கில் நேர்ந்த ஒரு விடுபாடு. அதை ஒழுக்கக் குறைவாக்குவது, கிலோமீட்டர்க் கணக்கை நன்னடத்தைச் சான்றிதழாக மாற்றும் வேலை.

"காரணம்", "சாக்கு" என்ற இணையும் இப்படித்தான். நிறுவன மேலாளர் ஒருவர் "சிங்கப்பூர்ப் பயணம், இரண்டு வாரம் ஓட முடியவில்லை" என்றால் அது காரணம். அவருடைய திட்டத்தைப் பயிற்றுநர் திருத்தி எழுதித் தருவார். வீட்டு வேலை செய்யும் பெண் "தண்ணீர் வரவில்லை, காத்திருந்தேன்" என்றால் அது சாக்கு. இரு வாக்கியங்களின் அமைப்பும் ஒன்று. சொல்பவரின் வர்க்கமும் பாலினமும் வேறு. சாக்கு என்பது எளியவர் சொல்லும் காரணத்துக்கு வைக்கப்பட்ட பெயர்.

இவ்வேறுபாடு வெறும் மனக்குறை அன்று, அளந்து பதியப்பட்டது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289, 88. ஐந்தாண்டுகளில் இருபாலர் நேரமும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. இடைவெளி அப்படியே நின்றது. நாளொன்றுக்கு 200 நிமிடங்கள் என்றால் வாரத்துக்கு 23 மணி நேரம். பொழுதுபோக்கு ஓட்டக்காரரின் மாரத்தான் திட்டம் கடினமான வாரத்தில் கேட்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆணின் காலை ஓட்டத்துக்கான நேரம் வானத்திலிருந்து இறங்கவில்லை. வீட்டில் மற்றொருவர் அதை அடுப்படியில் நின்று உண்டாக்கித் தந்திருக்கிறார். "நேரத்தை உண்டாக்கிக்கொள்" என்ற அறிவுரை, உண்டாக்கியவரின் பெயரை மறைத்துவிட்டு, பெற்றுக்கொண்டவரைப் படைப்பாளி ஆக்குகிறது.

இதற்கு எதிராக எப்போதும் சில பெயர்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலில் யூகி கவாவுச்சி. ஜப்பானின் சைதாமா மாநில அரசுப் பள்ளியொன்றில் முழுநேர எழுத்தராக இருந்துகொண்டே 2018 ஏப்ரல் 16 அன்று கொட்டும் மழையில் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 58 நொடியில் வென்றவர். "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்பது வாதம். அவருடைய பணி நண்பகலுக்குப்பின் தொடங்கி இரவில் முடிவது; காலை முழுதும் அவருடையது, அதுவும் மாறாத காலை. அவர் பெற்றிருந்தது ஏராளமான நேரம் அன்று. நாளை எப்போது நேரம் கிடைக்கும் என்ற உறுதி. உல்லாஸ்நகர்ப் பெண்ணுக்கு இல்லாதது இந்த உறுதியே. அந்தக் கவாவுச்சியும் 2019இல் பணியை விட்டு முழுநேர ஓட்டக்காரரானார் என்பதை இவ்வாதம் சொல்வதில்லை.

அடுத்து மகாராஷ்டிரத்தின் இரு வீராங்கனைகள். நாசிக் மாவட்டத்தின் பழங்குடிச் சிற்றூரான சாவர்பாடாவிலிருந்து வந்து, 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டரில் வெண்கலம் வென்ற கவிதா ராவுத்; சாத்தாரா மாவட்டத்தின் வறண்ட மாண் வட்டத்திலிருந்து வந்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச்சுற்றில் பத்தாமிடம் பெற்ற லலிதா பாபர். இவர்களின் இளமைக்கால வறுமையே கால்களுக்கு வலுவூட்டியது என்ற கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. கதையின் மறுபாதி சொல்லப்படுவதில்லை. ராவுத்துக்கு எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகமும், பாபருக்கு இந்திய ரயில்வேயும் வேலை தந்தன. விளையாட்டு வீரருக்கான அவ்வேலைகள் தந்தது சம்பளத்தை மட்டும் அன்று, பயிற்சிக்கான நேரத்தையும்தான். வறுமை அவர்களை ஓட்டக்காரராக்கியது என்றால், அதே வறுமையில் இருந்த பிற பெண்கள் ஏன் ஆகவில்லை என்பதற்கு அக்கதையில் விடையில்லை. பொதுத்துறை நேரத்தை விலைகொடுத்து வாங்கித் தந்தது என்றால் விடை உண்டு.

இனி அறிவியலுக்கு வருவோம். அட்டவணையின் அதிகாரம் அங்கிருந்தே வருவதாகச் சொல்லப்படுகிறது. ஆண்டைக் கட்டங்களாகப் பிரித்துச் சுமையை ஏற்றி இறக்கும் முறையை 1960களில் கோட்பாடாக்கியவர் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ். அரசு உணவும் உறைவிடமும் தந்து வளர்த்த விளையாட்டு வீரர்களே அக்கோட்பாட்டின் களம். நெடுந்தொலைவு ஓட்டத்தில் வாரம் 100 மைல் என்ற எண்ணைப் புகழ்பெறச் செய்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். அவர் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பால் விநியோகமும் பார்த்தவர். அந்த அளவைப் பல ஆண்டுகள் தம் உடலிலேயே, தம் வேலை நேரத்துக்கு இடையே சோதித்துக் கண்டடைந்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல், மரி ஹால்பெர்க் ஆகியோர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் இரு தங்கம் வென்றனர். அதன்பின் உலகெங்கும் பரவியது 100 என்ற எண். தம் நாளுக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்த்த அவருடைய முறை உடன்வரவில்லை.

உடலியக்கம் பற்றி அறிந்தவை அட்டவணைக்கு ஆதரவாக இல்லை. ஹான்ஸ் செல்யே 1936இல் "நேச்சர்" இதழில் வெளியிட்ட சிறு குறிப்பு, வெவ்வேறு வகைத் தாக்குதல்களுக்கு உடல் பொதுவான ஒரு முறையில் எதிர்வினை புரிகிறது என்று காட்டியது. கட்டங்களாகப் பிரிக்கும் பயிற்சிக் கோட்பாடு அவர் பெயரைத் தன் அடித்தளமாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் உளச்சுமை, உறக்கமின்மை, குடும்பக் கவலை ஆகியவையும் பயிற்சியின் விளைவை மாற்றும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. ஜான் கீலி 2018இல் எழுதிய திறனாய்வுக் கட்டுரையின் மையம் இதுவே. ரயிலில் நின்ற மூன்று மணி நேரம் பயிற்சி ஆகாது. ஆனால் அது சுமை. அதைக் கணக்கில் எடுக்காமல் பத்து கிலோமீட்டரை மேலே வைப்பவர், உடலின் கணக்கைப் பாதிதான் எழுதுகிறார்.

விடுபட்ட ஓட்டங்கள் குறித்த அச்சமும் மிகையானது. ராபர்ட் ஹிக்சனும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் பயிற்சி பெற்றவர்களைப் பின்னர் வாரத்துக்கு நான்கு அல்லது இரண்டு நாளாகக் குறைத்தனர். பதினைந்து வாரம் கழித்தும் அவர்களின் உச்ச ஆக்சிஜன் நுகர்திறன் நிலைத்திருந்தது. அடுத்த ஆண்டின் ஆய்வில் நேரத்தை 26 அல்லது 13 நிமிடமாகக் குறைத்தபோதும் அத்திறன் குறையவில்லை. 13 நிமிடக் குழுவில் நீடித்து உழைக்கும் ஆற்றல் மட்டும் சற்றுக் குறைந்தது. 1985இல் ஓட்டத்தின் தீவிரத்தைக் குறைத்தபோதுதான் நுகர்திறன் சரிந்தது. இவற்றால் மாரத்தானின் நீண்ட ஓட்டம் தேவையற்றதாகிவிடாது. ஆயினும் ஆறு நாளில் நான்கு விடுபட்டால் எல்லாம் பாழ் என்ற மிரட்டலுக்கு அடிப்படை இல்லை என்பது உறுதி.

கேடு வேறிடத்தில் இருக்கிறது. விடுபட்டதை ஈடுகட்ட உறக்கத்தைக் குறைத்து அடுத்தடுத்த நாட்களில் ஓடுவதே உடலை முறிப்பது. வளரிளம் விளையாட்டு வீரர் 112 பேரிடம் மேத்யூ மிலெவ்ஸ்கி குழுவினர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியோருக்குக் காயம்படும் வாய்ப்பு மற்றவரைப்போல் 1.7 மடங்காக இருந்தது. "நான்கு மணிக்கு எழுந்துவிடு" என்ற அறிவுரை பதினொன்றுக்குப் படுப்பவரிடம் சொல்லப்படும்போது, அது ஊக்க உரை அன்று, காயத்துக்கான பரிந்துரை.

ஒரு மறுப்பு நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 42.195 கிலோமீட்டர் எவருக்காகவும் சுருங்காது. ஏழைக்கும் செல்வருக்கும் அதே தொலைவு. ஆயத்தமின்றி வந்தவரின் முழங்கால், அவர் ஏன் ஆயத்தமாகவில்லை என்று கேட்டுவிட்டு வலிப்பதில்லை. உண்மை. ஆனால் தொலைவு வேறு, அதை அடைய எழுதப்பட்ட வழி வேறு. தொலைவின் நடுநிலைமையை அட்டவணைக்கு ஏற்றிச்சொல்வதில்தான் ஏமாற்று இருக்கிறது. தொலைவு எவரையும் சோம்பேறி என்று அழைப்பதில்லை. அழைப்பது அட்டவணை எழுதியவர்.

கல்விப்புலத்தில் இருப்போருக்கு இவ்வாதம் புதிதாக இராது. முனைவர் பட்டமும் நெடுந்தொலைவு ஓட்டமே. அங்கும் ஆய்வாளர் என்றால் வீட்டுப்பொறுப்பற்ற ஓர் ஆண் என்ற எண்ணமே நெடுங்காலம் விதிகளை எழுதியது. இன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகள் பெண் ஆய்வாளருக்கு இரண்டு ஆண்டுக் காலநீட்டிப்பும், மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் வழங்குகின்றன. அவை நடைமுறையில் எவ்வளவு மறுக்கப்படுகின்றன என்பது தனிக்கதை. கொள்கையளவிலாவது, வாழ்க்கை ஆய்வுக்கு நேர்ந்த விபத்து அன்று என்று ஏற்கப்பட்டுவிட்டது. ஆய்வேட்டின் தரம் அதனால் தாழ்ந்துவிடவில்லை. பாஸ்டன் மாரத்தானும் 2023இல் கருவுற்றவருக்கும் மகப்பேற்றுக்குப் பின்னுள்ளவருக்கும் இடத்தைப் பின்னொரு போட்டிக்கு ஒத்திவைக்கும் விதியை ஏற்றது. இதழ்களில் விதிகள் மாறியபின்னும், வீட்டருகே உள்ள ஓட்டக் குழுவின் பட்டியலில் "தவறவிட்டார்" என்ற கட்டம் சிவப்பாகவே இருப்பது எதற்காக?

ஆகவே வேண்டுவன எளியவை. ஓட்டக் குழுக்கள் பட்டியலிலிருந்து "தவறவிட்டார்" என்ற சொல்லை நீக்கட்டும். வாரத்தில் இரண்டு ஓட்டங்களை மட்டும் இன்றியமையாதவை எனக் குறித்து, ஒன்று தீவிரமானது, ஒன்று நீண்டது என வைத்து, அவற்றுக்கு நாள் குறிக்காமல் விடட்டும். மற்றவை கிடைத்தால் ஓடுவதற்கு. விடுபட்டதை ஈடுகட்டச் சொல்வதை அறவே நிறுத்தட்டும். பயண நேரத்தையும் உறக்க நேரத்தையும் கிலோமீட்டருக்கு அருகிலேயே ஒரு கட்டத்தில் எழுதட்டும். நாள்தோறும் காலையில் ஓடும் ஆண்கள், அந்நேரத்தில் தம் வீட்டு அடுப்படியில் நிற்பவர் யார் என்பதையும், அவர் எப்போது ஓடுவார் என்பதையும் ஒருமுறை கேட்கட்டும். கேட்டதோடு நில்லாமல் வாரத்தில் மூன்று நாளாவது இடம் மாறி நிற்கட்டும். போட்டி நடத்துவோர், சிறப்பு வண்டி கல்யாணுக்கு அப்பாலிருந்தும் புறப்பட ரயில்வேயிடம் கோரட்டும்.

திட்டமே வேண்டாம் என்று இங்கே எவரும் சொல்லவில்லை. உல்லாஸ்நகரிலிருந்து மாட்டுங்கா செல்லும் பெண்ணைவிடக் கூர்மையாகத் திட்டமிடுபவர் எவரும் இல்லை. எந்த வண்டியில் எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் படிக்கட்டுக்கு எதிரே நிற்கலாம் என்பது வரை அவருக்குக் கணக்கு உண்டு. அந்தத் திறனை ஒழுக்கக் குறைவு என்று பெயரிடும் உரிமை எந்த அட்டவணைக்கும் இல்லை. புதிதாக ஓட வருபவரிடம் பயிற்றுநர் கேட்கும் முதல் கேள்வி "வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீர்கள்?" என்று இருப்பது போதாது. "உங்கள் வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு அவர் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசட்டும்.